கட்டு போட்டா கால் போகுமா, போடலைன்னா உயிர் போகுமா? போர்க்கள முதலுதவி பத்தி ஒரு விளக்கம்

உக்ரைன் போர் ஆரம்பிச்சதுலேர்ந்து டூர்னிக்கெட்ங்கிற பேர், அதாவது கை கால் காயத்துல ரத்தம் நிக்கிறதுக்காக இறுக்கிக் கட்டுற பட்டை, செய்திகள்ல அடிக்கடி அடிபடுது. 2022ல உலகம் பூரா நன்கொடை திரட்டி டூர்னிக்கெட் வாங்கி அனுப்பினாங்க, ஒரு சிப்பாய்க்கு ஒண்ணு பத்தாது நாலஞ்சு வேணும்னாங்க. கொஞ்ச நாள் போனதும் அதே போர்லேர்ந்து டாக்டர்கள் வேற மாதிரி பேச ஆரம்பிச்சாங்க, டூர்னிக்கெட்ட மணிக்கணக்கா அவுக்காம விட்டதால காப்பாத்தியிருக்கக்கூடிய கை காலையும் எடுக்க வேண்டியதாயிடுச்சுன்னு. படிக்கிறவங்களுக்கு குழப்பம் வரத்தானே செய்யும், இது நல்லதா கெட்டதான்னு.

ரெண்டு செய்தியும் உண்மைதான். காயம்பட்டவர் எவ்ளோ நேரத்துல ஆபரேஷன் டேபிளுக்கு போய் சேருறார்ங்கிறத வெச்சுதான் போர்க்கள முதலுதவியில எல்லா விதியும் எழுதப்பட்டிருக்கு. அந்த நேரம் மாறினா விதியும் மாறும். இத பிடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும், அதனால அடிப்படையிலேர்ந்தே பாத்துட்டு வருவோம்.

போர்ல ஆளுங்க எப்படி சாகுறாங்க

70 கிலோ எடையுள்ள ஆளோட உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுது. அதுல 2 லிட்டர் வேகமா வெளிய போயிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து. தொடையில ஓடுற பெரிய தமனி முழுசா அறுந்துட்டா அந்த 2 லிட்டர் போக சில நிமிஷம் போதும். ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர், டாக்டர் எதுவும் அந்த சில நிமிஷத்துக்குள்ள வர வாய்ப்பே இல்ல, பக்கத்துல இருக்குறது இன்னொரு சிப்பாய் மட்டும்தான், இல்லைன்னா அடிபட்டவரே தனக்கு தானே பாத்துக்கணும்.

வியட்நாம் போர்ல செத்தவங்களோட விவரங்கள பின்னாடி உக்காந்து ஆராஞ்சாங்க. அதுல, சரியான முதலுதவி கிடைச்சிருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு சொல்லக்கூடிய சாவுகள் மூணே காரணத்துக்குள்ள அடங்கிடுச்சு.

1. கை கால் காயத்துலேர்ந்து ரத்தம் கொட்டுறது. சுமார் 60 சதவீதம்.
2. நெஞ்சுல ஓட்டை விழுந்து, காத்து உள்ள மாட்டிக்கிட்டு நுரையீரலையும் இதயத்தையும் நசுக்குறது. இதுக்கு பேர் டென்ஷன் நியூமோதொராக்ஸ். சுமார் 33 சதவீதம்.
3. முகத்துலயோ தாடையிலயோ அடிபட்டு மூச்சுப்பாதை அடைச்சுக்கிறது. சுமார் 6 சதவீதம்.

முதல் காரணத்த கவனிங்க. வேற பெரிய காயம் எதுவுமே இல்லாம, வெறும் கை கால் ரத்தப்போக்கால மட்டும் வியட்நாம்ல சுமார் 2500 அமெரிக்க சிப்பாய்கள் செத்துப் போயிருக்காங்கன்னு கணக்கு. ஹெலிகாப்டர் இருந்துச்சு, நல்ல ஆஸ்பத்திரி இருந்துச்சு, சர்ஜன் இருந்தாங்க. இறுக்கிக் கட்ட ஒரு நல்ல பட்டைதான் இல்லாம போச்சு. இருந்த இடத்துலயும் அதப் போடக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க!

டூர்னிக்கெட் எப்படி வேலை செய்யுது

இப்ப அமெரிக்க ராணுவத்துலயும் உக்ரைன்லயும் அதிகமா பாக்குற மாடல், சுமார் 4 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு நைலான் பட்டை, நடுவுல சின்ன ஸ்டிக் மாதிரி ஒரு கம்பி, அது மாட்டிக்கிறதுக்கு ஒரு கொக்கி. ஒரு கையாலயே போட்டுக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க, ஏன்னா அடிபட்டது இன்னொரு கையா இருக்கலாம். பட்டைய காயத்துக்கு மேல, அதாவது காயத்துக்கும் இதயத்துக்கும் நடுவுல, ஒரு மூணு நாலு விரக்கடை தள்ளி சுத்தணும். முட்டி, முழங்கை மூட்டு மேல போடக்கூடாது. பேன்ட் பாக்கெட்ல மொபைல், லைட்டர், தோட்டா ஏதாவது இருந்தா முதல்ல எடுத்துடணும், இல்லைன்னா பட்டை அது மேல உக்காந்துக்கிட்டு தமனிய அமுக்காது. பட்டைய கையால எவ்ளோ முடியுமோ அவ்ளோ இழுத்த பிறகுதான் கம்பிய முறுக்கணும், பட்டை தொளதொளன்னு இருக்குறப்ப எத்தன தடவ முறுக்கினாலும் பிரயோஜனம் இல்ல. ரத்தம் நின்னு, காயத்துக்கு கீழ நாடித்துடிப்பும் நிக்கிற வரைக்கும் முறுக்கிட்டு கம்பிய கொக்கியில மாட்டிட்டு மணி என்னன்னு எழுதணும். பட்டையிலயே வெள்ளையா ஒரு துண்டு இருக்கும் அதுக்குன்னே, அங்க எழுத முடியலைன்னா மார்க்கரால நெத்தியில எழுதிடுவாங்க.

இப்படி முறுக்கினா வலி உயிர் போகும். நிஜமாவே. அடிபட்டவர் அவுத்து விடுடான்னு கத்துவார், கெட்ட வார்த்தையில திட்டுவார், அதப் பாத்து பாவப்பட்டு தளர்த்துறவங்கதான் ஆளைக் கொல்றாங்க.

பாதி இறுக்கம் ஏன் ஆபத்துன்னா, ரத்தத்த இதயத்துக்கு திருப்பிக் கொண்டு போற சிரைகள் தோலுக்கு பக்கத்துல மெல்லிசா இருக்கும், லேசா அமுக்கினாலே மூடிக்கும். ரத்தத்த உள்ள கொண்டு வர்ற தமனி ஆழத்துல அதிக அழுத்தத்தோட இருக்கும், அவ்ளோ சுலபமா மூடாது. அரைகுறையா கட்டினா உள்ள வர்ற ரத்தம் வந்துக்கிட்டே இருக்கும், திரும்பிப் போற வழி மட்டும் அடைபட்டிருக்கும், காயத்துலேர்ந்து முன்னவிட அதிகமா கொட்டும். பெல்ட்டாலயோ கயித்தாலயோ கட்டினா பெரும்பாலும் இதுதான் நடக்குது, முறுக்க ஒரு குச்சி இல்லாம மனுஷன் கைபலத்தால மட்டும் தொடைத் தமனிய மூடுறது ரொம்ப கஷ்டம். மெல்லிசான கயிறு, ஒயர் மாதிரி எதையாவது கட்டினா நரம்பு வேற கெட்டுப் போகும்.

நம்ம ஊர்ல இதோட சேத்து குழப்பிக்கிற ஒரு விஷயமும் இருக்கு, பாம்பு கடிச்சா கடிவாய்க்கு மேல கயிறு கட்டுற பழக்கம். பாம்புக்கடிக்கு இப்படி இறுக்கிக் கட்டவே கூடாது. இந்த கட்டுரையில சொல்ற எதுவும் பாம்புக்கடிக்கு பொருந்தாது.

ரொம்ப காலம் இத ஏன் ஒதுக்கி வெச்சாங்க

கருவி ஒண்ணும் புதுசு இல்ல. 1718லயே பிரெஞ்சு சர்ஜன் ழான் லூயி பெட்டி திருகு வெச்ச டூர்னிக்கெட் செஞ்சுட்டார், டூர்னிக்கெட்ங்கிற பேரும் அவர் காலத்துலேர்ந்துதான் வருது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ஒரு சம்பவம் ராணுவ டாக்டர்கள் இன்னிக்கும் சொல்லிக்கிட்டு இருக்குறது. 1862 ஏப்ரல் 6, ஷைலோ சண்டை. தெற்குப் படை ஜெனரல் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டனுக்கு முட்டிக்குப் பின்னாடி குண்டு பாஞ்சு தமனி அறுந்துடுச்சு. ரத்தம் பூட்ஸுக்குள்ள வழிஞ்சுக்கிட்டே இருந்ததால காயம் அவ்ளோ பெருசுன்னு பக்கத்துல இருந்தவங்களுக்கு தெரியல. தன்னோட சொந்த டாக்டர அவர் கொஞ்ச நேரம் முன்னாடிதான் அடிபட்டுக் கிடந்த எதிரி சிப்பாய்களப் பாக்க அனுப்பி வெச்சிருந்தார். ரத்தம் போயே செத்துட்டார். அவர் பாக்கெட்லயே ஒரு டூர்னிக்கெட் இருந்துச்சு.

அப்புறம் வந்த முதல் உலகப்போர்லதான் கருவிக்கு கெட்ட பேர். பதுங்குகுழியில அடிபட்டவர் சேறுல கிடந்து, ராத்திரி ஆன பிறகு ஸ்ட்ரெச்சர்ல தூக்கி, சர்ஜன் கிட்ட போய் சேர பல மணி நேரம் ஆகும், சில சமயம் நாள் கணக்குல ஆகும். ரப்பர் குழாய், துணி, கயிறுன்னு கையில கிடைச்சத கட்டி அனுப்புவாங்க, எப்ப கட்டினதுன்னு யாருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரியில பிரிச்சுப் பாத்தா கால் கருத்துப் போயிருக்கும். அந்த டாக்டருக்கு கண்ணுக்கு தெரியுறது அழுகின கால்தான். டூர்னிக்கெட் இல்லாம வழியிலயே செத்தவர் அவர் டேபிளுக்கு வரவே மாட்டாரே. இந்த கோணல் பார்வையிலதான் கை கால் போகும், கடைசி வழியா மட்டும் போடுங்கன்னு பாடப்புத்தகத்துல எழுதி வெச்சுட்டாங்க. ரெண்டாம் உலகப்போர்ல குடுத்த பக்கிள் பட்டையும் சரியா இறுக்காத சரக்கு, அதனால அந்த அபிப்பிராயம் இன்னும் கெட்டியாயிடுச்சு.

காலுக்கு ரத்தம் நின்னா உள்ள என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். தசை சுமார் 2 மணி நேரம் வரைக்கும் பெரிய சேதம் இல்லாம தாங்கும். அதுக்கப்புறம் செல்கள் கொஞ்சம் கொஞ்சமா சாக ஆரம்பிக்கும். 6 மணி நேரம் தாண்டிட்டா பெரும்பாலும் மீட்க முடியாது, அந்த நிலையில கட்ட அவுத்தா செத்த தசையிலேர்ந்து பொட்டாசியம், அமிலம், மயோகுளோபின்ங்கிற தசைப் புரதம் எல்லாம் ஒரே நேரத்துல ரத்தத்துல கலந்து இதயம் நிக்கலாம், கிட்னி பழுதாகலாம். அதனால முதல் உலகப்போர் டாக்டர்கள் பயந்தது காரணமில்லாம இல்ல, அவங்க காலத்து பயணத்துக்கு அது சரியான பயம்தான்.

1996ல என்ன மாறுச்சு

அமெரிக்க கடற்படையோட சிறப்புப் படை டாக்டர் பிராங்க் பட்லரும் கூட சிலரும் 1996ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஊர்ல ரோட்டு விபத்துக்குன்னு எழுதின முதலுதவி விதிய அப்படியே துப்பாக்கிச் சண்டைக்கு நடுவுல பின்பத்துறது மடத்தனம்ங்கிறதுதான் சாராம்சம். ராத்திரி இருட்டுல, சுத்தி சுட்டுக்கிட்டு இருக்குறப்போ கழுத்துக்கு காலர் மாட்டிக்கிட்டு, பிபி பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா பாக்குறவரும் சேந்து சாவார். அதுலேர்ந்து வளந்ததுதான் இன்னிக்கு நேட்டோ நாடுகளும் உக்ரைனும் பின்பத்துற டிசிசிசி (டாக்டிகல் காம்பாட் கேஷுவல்டி கேர்) முறை. சிகிச்சைய அது மூணு கட்டமா பிரிக்குது.

1. குண்டு பாஞ்சுக்கிட்டு இருக்குறப்போ. முதல் வேலை திருப்பிச் சுடுறது, மறைவுக்கு போறது. அடிபட்டவரால முடிஞ்சா அவரும் சுடணும், தானே ஊர்ந்து மறைவுக்கு வரணும். மருத்துவம்னு செய்யுறது ஒண்ணே ஒண்ணுதான், கை கால்ல ரத்தம் பீய்ச்சினா டூர்னிக்கெட். அதுவும் காயம் எங்கன்னு தேடாம, உடுப்பு மேலயே, முடிஞ்ச அளவு மேல ஏத்திப் போட்டுட்டு இழுத்துட்டு போயிடணும்.
2. மறைவுக்கு வந்த பிறகு. நேரம் கொஞ்சம் கிடைக்கும், உடுப்ப வெட்டிட்டு தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாக்குறது இப்போதான். குழம்பிப் போய் பேசுறவர் கையிலேர்ந்து துப்பாக்கி, கிரனேடு, வயர்லெஸ் எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கணும்னு இந்த கட்டத்துல ஒரு விதி இருக்கு. ரத்தம் குறைஞ்ச மூளையும் கையில ஆயுதமும் சேந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.
3. வண்டியிலயோ ஹெலிகாப்டர்லயோ ஏத்தின பிறகு. கூடுதல் கருவி, ரத்தம், ஆக்சிஜன் எல்லாம் இங்க.

இன்னொரு விதி நிறைய பேருக்கு கல்நெஞ்சமா தெரியும். குண்டுவெடிப்புலயோ துப்பாக்கிக் காயத்துலயோ அடிபட்டு நாடி, மூச்சு எதுவும் இல்லாதவருக்கு சண்டை நடக்குற இடத்துல சிபிஆர் பண்றதில்ல. ரத்தம் போய் நின்ன இதயத்த அமுக்கினா ஓட்டுறதுக்கு உள்ள ரத்தம் கிடையாது, அந்த நேரத்துல பிழைக்கக்கூடிய இன்னொருத்தர் கைவிடப்படுவார்.

மார்ச் வரிசை

எத முதல்ல பாக்கணும்ங்கிறதுக்கு மார்ச்னு ஒரு வரிசை வெச்சிருக்காங்க, ஆங்கில எழுத்துகள கோத்து ஞாபகத்துக்கு வர்ற மாதிரி. ஊர் முதலுதவியில மூச்சுப்பாதைதான் முதல்னு சொல்லிக் குடுப்பாங்க, இங்க ரத்தம் முதல்.

1. எம், பெரிய ரத்தப்போக்கு. டூர்னிக்கெட், இல்லைன்னா காயத்துக்குள்ள துணி திணிக்கிறது.

2. ஏ, மூச்சுப்பாதை. நினைவு இல்லாதவர்னா மூக்கு வழியா ஒரு மெத்துன்னு இருக்குற ரப்பர் குழாய். முகம் கிழிஞ்சவர் முன்னாடி சாஞ்சு உக்காந்து ரத்தத்த துப்பிக்கிட்டு மூச்சு விட்டார்னா அவர அப்படியே விட்டுடணும், மல்லாக்க படுக்க வெச்சா தன் ரத்தத்துலயே மூச்சு முட்டிப் போவார்.

3. ஆர், மூச்சு விடுறது. நெஞ்சு ஓட்டைய ஒட்டுற பிளாஸ்டர் வெச்சு அடைக்கிறது. அதுக்கப்புறம் மூச்சுத் திணறல் ஏறிக்கிட்டே போனா உள்ள காத்து சேருதுன்னு அர்த்தம், நீளமான தடிச்ச ஊசிய விலா எலும்புக்கு நடுவுல குத்தி காத்த வெளிய விடணும். 14 கேஜ், சுமார் 8 சென்டிமீட்டர் நீளம். சாதாரண ஊசி நெஞ்சுத் தசையத் தாண்டாது, பழைய காலத்துல குட்டை ஊசியக் குத்திட்டு காத்து வந்துடுச்சுன்னு நினைச்சவங்க உண்டு.

4. சி, ரத்த ஓட்டம். இது கொஞ்சம் விரிவா பேச வேண்டிய இடம். நம்ம ஊர்ல உடம்புக்கு எதுன்னாலும் ஒரு பாட்டில் ஏத்துங்கன்னு கேப்போம்ல, ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்குறவருக்கு அந்த சலைன் பாட்டில் கெடுதல். சலைன் ஆக்சிஜன தூக்காது, மிச்சம் இருக்குற ரத்தத்த நீர்த்துப் போக வெச்சு உறையுற சக்திய குறைக்கும், பிபிய ஏத்திவிட்டு அப்போதான் உறைஞ்ச கட்டிய பிச்சுவிடும். ரத்தம் போனா ரத்தம்தான் ஏத்தணும், அதுவும் பிரிக்காத முழு ரத்தமா இருந்தா ரொம்ப நல்லதுன்னு இப்போ டிசிசிசி சொல்லுது. கூடவே ட்ரானெக்ஸாமிக் ஆசிட். மாதவிடாய்ல ரத்தம் அதிகமா போனா எழுதிக் குடுக்குற அதே மருந்துதான், உறைஞ்ச ரத்தக்கட்டி கரையாம பாத்துக்கும். 40 நாடுகள்ல 20,000 பேருக்கு மேல சேத்து நடந்த கிராஷ்-2 ஆராய்ச்சி 2010ல வந்துச்சு, நம்ம இந்திய ஆஸ்பத்திரிகளும் அதுல இருந்துச்சு. அடிபட்டு 3 மணி நேரத்துக்குள்ள போட்டா சாவு குறையுது, 3 மணி நேரம் தாண்டிப் போட்டா ரத்தப்போக்கால சாகுறது கூடுதுன்னு தெரிஞ்சுது. இங்கயும் கடிகாரம்தான் பாருங்க.

5. ஹெச், உடம்பு சூடு, தலைக்காயம். ரத்தம் இழந்த உடம்பு சூட்டத் தானா உண்டாக்காது, பாலைவன வெயில்லயும் ஜில்லுன்னு ஆயிடும். உடம்பு குளிர்ந்தா ரத்தம் உறையாது, உறையலைன்னா இன்னும் ரத்தம் போகும், ரத்தம் போனா திசுக்கள்ல அமிலம் ஏறும், அமிலம் ஏறினா உறையுறது இன்னும் குறையும். இந்தச் சுழல்ல மாட்டினவங்கள வெளிய இழுக்குறது பெரிய பாடு. ஈரத் துணிய கழட்டிட்டு போர்வை சுத்துறது, அடியில தரையிலேர்ந்து குளிர் ஏறாம எதையாவது விரிக்கிறது, இதெல்லாம் அதுக்குத்தான்.

ஒவ்வொரு சிப்பாய் உடம்புலயும் ஒரு சின்ன முதலுதவிப் பை இருக்கும். அடிபட்டவருக்கு அவரோட பையிலேர்ந்துதான் எடுத்துப் போடணும், உன் பை உனக்கு. அடுத்த குண்டு உனக்கு வரலாம்ல.

கணக்கு என்ன சொல்லுது

பாக்தாத் ஆஸ்பத்திரி ஒண்ணுல 2006ல டூர்னிக்கெட்டோட வந்த 232 பேர அமெரிக்க ராணுவ டாக்டர்கள் கவனிச்சாங்க. உடம்பு ஷாக்குக்கு (ரத்தம் குறைஞ்சு உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் பத்தாம போற நிலை) போறதுக்கு முன்னாடியே டூர்னிக்கெட் போட்டவங்கள்ல 90 சதவீதம் பிழைச்சாங்க, ஷாக்குக்கு போன பிறகு போட்டவங்கள்ல 10 சதவீதம்தான். டூர்னிக்கெட்டால மட்டுமே கை கால் போனவர்னு ஒருத்தரும் இல்ல. ஆனா ஆஸ்பத்திரி நெருக்கத்துல இருந்ததால பெரும்பாலானவங்களுக்கு 2 மணி நேரத்துக்குள்ளயே கட்டு அவுந்துடுச்சு, இந்த வரிய மறந்துடாதீங்க.

அமெரிக்க ரேஞ்சர் படையில இந்த முறைய சமையல்காரர் வரைக்கும் எல்லாருக்கும் கத்துக் குடுத்தாங்க, டாக்டருக்கும் மெடிக்குக்கும் (படையோடயே போற மருத்துவ உதவியாளர்) மட்டும் இல்ல. 2001லேர்ந்து 2010 வரைக்கும் அவங்களுக்கு 419 பேர் அடிபட்டாங்க, 32 பேர் செத்தாங்க, ஆனா முதலுதவி சரியில்லாம ஆஸ்பத்திரிக்கு முன்னாடி செத்தவர்னு ஒருத்தரும் இல்ல.

ஆப்கானிஸ்தான்ல 2009ல அமெரிக்க ராணுவ அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் ஒரு உத்தரவு போட்டார், அடிபட்டவர 60 நிமிஷத்துக்குள்ள ஆஸ்பத்திரியில சேக்கணும்னு. அதுக்கு முன்னாடி போய் சேர ஆகுற நேரத்தோட நடு மதிப்பு 90 நிமிஷமா இருந்தது 43 நிமிஷமா இறங்குச்சு, ஆஸ்பத்திரி சேருறதுக்கு முன்னாடியே சாகுறவங்க 16 சதவீதத்துலேர்ந்து 9.9 ஆனாங்க. ஹெலிகாப்டர்கள கூட்டினதுக்கும் சின்ன சர்ஜரி டீம்கள முன்னாடி நகத்தினதுக்கும் கிடைச்ச பலன்.

எல்லாத்தையும் விட பெரிய ஆராய்ச்சி 2012ல வந்தது. 2001லேர்ந்து 2011 வரைக்கும் செத்த 4,596 அமெரிக்க சிப்பாய்களோட விவரம். இதுல 87 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிய பாக்குறதுக்கு முன்னாடியே செத்திருக்காங்க, அவங்கள்ல சுமார் கால்வாசிப் பேர் பிழைச்சிருக்க வாய்ப்பு இருந்தவங்க, அந்தக் கால்வாசியில 90 சதவீதம் ரத்தப்போக்கு. கை கால் ரத்தப்போக்கால மட்டும் சாகுறது டூர்னிக்கெட் பரவுறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு 23 பேர் மாதிரி இருந்தது, 2011 வாக்குல மூணு நாலு பேரா குறைஞ்சுடுச்சு.

கட்ட முடியாத இடம்

அதே ஆராய்ச்சியில இன்னொரு பக்கம் இருக்கு. அந்த ரத்தப்போக்கு சாவுல 67 சதவீதம் நெஞ்சு வயித்துக்குள்ள, 19 சதவீதம் தொடையிடுக்கு, அக்குள், கழுத்து மாதிரி சந்துகள்ல. பட்டை சுத்த அங்க இடமே கிடையாது.

1993 அக்டோபர், சோமாலியா மொகதீஷு சண்டையில ஒரு ரேஞ்சருக்கு தொடையோட மேல்பக்கம், இடுப்பு ஒட்டின இடத்துல குண்டு பட்டுச்சு. தமனி அறுந்து உள்ள சுருங்கிப் போயிடுச்சு. மெடிக் கைய உள்ள விட்டு தமனியத் தேடிப் பிடிக்கப் பாத்தார், முடியல. வண்டிகள் உள்ள வர முடியாம தெருவ அடைச்சிருந்தாங்க, ராத்திரியில அந்தப் பையன் செத்துட்டான். இப்போ இந்த மாதிரி சந்துக் காயத்துக்குன்னு ரத்தம் உறைய வைக்கிற துணி இருக்கு. கயோலின்ங்கிற களிமண் பவுடர் தோச்சது ஒரு வகை, எறா, நண்டு ஓட்டுலேர்ந்து எடுக்குற கைட்டோசன் தடவினது இன்னொரு வகை. முதல்ல வந்த பவுடர் வகை தண்ணி பட்டா சூடாகி தசையவே சுட்டுடுச்சு, அத கைவிட்டுட்டாங்க.

இந்தத் துணிய காயத்து மேல வெச்சா வேலை செய்யாது. விரல உள்ள விட்டு எங்கேர்ந்து பீய்ச்சுதுன்னு கண்டுபிடிச்சு, அந்தப் புள்ளியிலேர்ந்து ஆரம்பிச்சு துணிய கொஞ்சம் கொஞ்சமா எலும்பு வரைக்கும் திணிச்சுக்கிட்டே வரணும், ஒரு விரல் எடுக்குறப்போ இன்னொரு விரல் அழுத்திக்கிட்டே இருக்கணும், காயம் நிறைஞ்சதும் உடம்பு பாரம் முழுக்கப் போட்டு குறைஞ்சது 3 நிமிஷம் அமுக்கணும். இடையில எடுத்து நின்னுடுச்சான்னு எட்டிப் பாத்தா எல்லாம் வீண். நெஞ்சுக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் கசியுற ரத்தத்துக்கு இதுவும் உதவாது, அங்க சர்ஜன் கத்திதான், அதுவரைக்கும் தாக்குப் பிடிக்க ரத்தம்.

நம்ம ராணுவத்துல

இந்திய ராணுவத்துல அடிபட்டவர் முதல்ல போறது பட்டாலியனோட ரெஜிமென்டல் எய்ட் போஸ்ட், அங்க ஒரு டாக்டர் இருப்பார், அங்கேர்ந்து அட்வான்ஸ்டு டிரெஸ்ஸிங் ஸ்டேஷன், அப்புறம் பீல்ட் ஆஸ்பத்திரி. அதுக்கும் முன்னாடி பக்கத்துல நிக்கிற சிப்பாய்க்கு பயிற்சி குடுத்து வெச்சிருக்காங்க, பேட்டில்பீல்ட் நர்சிங் அசிஸ்டன்ட்னு பேர். சியாச்சின், கார்கில் மாதிரி இடத்துல ஹெலிகாப்டர் வரணும்னா வானிலை ஒத்துழைக்கணும், இல்லைன்னா தூக்கிட்டு இறங்கணும், அதனால ஒரு மணி நேரக் கணக்கெல்லாம் அங்க செல்லாது. குளிர்ல மருந்தும் உறையும், அதுக்காகத்தான் டிஆர்டிஓவோட டெல்லி ஆய்வகம் இன்மாஸ், மைனஸ் 18 டிகிரி வரைக்கும் உறையாத கிளிசரின் கலந்த சலைன், ரத்தத்த உறிஞ்சுற டிரெஸ்ஸிங் இதெல்லாம் செஞ்சிருக்கோம்னு 2019ல சொன்னாங்க. சர்ஜரிய முன்னாடி கொண்டு போறதுல நமக்கு பழைய பேர் ஒண்ணு உண்டு. கொரியப் போர்ல 60 பாராசூட் பீல்ட் ஆம்புலன்ஸுக்கு தலைமை தாங்கின லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், 1951 மார்ச்ல தன் டீமோட அமெரிக்க பாராசூட் படை கூடவே குதிச்சு சண்டை நடக்குற இடத்துலயே சிகிச்சை பாத்தார், மகாவீர் சக்ரா வாங்கினார்.

உக்ரைன்ல ஏன் கணக்கு தப்புச்சு

இப்ப ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வரலாம். ஈராக், ஆப்கானிஸ்தான்ல வானம் முழுக்க அமெரிக்கா கையில இருந்துச்சு, எதிரி கிட்ட விமானம் இல்ல. டூர்னிக்கெட் போட்டுட்டு போய்க்கிட்டே இருங்கிற விதி அந்த வசதியிலதான் எழுதினது, ஏன்னா மிச்சத்த ஒரு மணி நேரத்துல சர்ஜன் பாத்துப்பார். உக்ரைன்ல ஹெலிகாப்டர் முன்னணிக்கு வரவே முடியாது. ட்ரோன் 24 மணி நேரமும் மேல சுத்துது, முன்னணியிலேர்ந்து பல கிலோமீட்டர் பின்னாடி வரைக்கும் நகர்ற எதையும் அடிக்குது, ஆம்புலன்ஸையும் விடுறதில்ல. ஜெனிவா ஒப்பந்தப்படி செஞ்சிலுவை போட்ட வண்டிய அடிக்கக்கூடாது, நடைமுறையில அந்த அடையாளமே குறியாயிடும்னு பல மெடிக்குகள் அத மறைச்சுட்டு போறாங்க. அடிபட்டவர் பதுங்குகுழியில இருட்டுக்காகவோ மூடுபனிக்காகவோ காத்துக் கிடக்குறார், பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கா. அதாவது முதல் உலகப்போர் நேரத்துக்கே திரும்பப் போயாச்சு, கையில மட்டும் 2005க்கு அப்புறம் வந்த பட்டை.

இதோட இன்னும் ரெண்டு கோளாறு சேந்துச்சு. பயத்துல, தேவையே இல்லாத சின்னக் காயத்துக்கும் டூர்னிக்கெட் போட்டுட்டாங்க, அழுத்திக் கட்டினாலே நின்னுருக்கக்கூடிய ரத்தத்துக்கு. அவசரத்துல வாங்கினதுல போலிச் சரக்கும் நிறைய கலந்துடுச்சு, முறுக்குறப்போ கம்பி உடையும், தையல் பிரியும்.

இதுக்கு தீர்வா சொல்றதுதான் கட்ட மாத்துறது. டிசிசிசியில முன்னாடியே இருக்குற விதிதான், யாரும் அவ்ளோவா பழகல.

1. மறைவுக்கு வந்ததும் அந்த டூர்னிக்கெட் உண்மையிலயே தேவையான்னு திரும்பப் பாக்கணும்.
2. ஆள் ஷாக்ல இல்லை, காயத்த கண்ணு முன்னாடி வெச்சு கவனிக்க முடியும், கை கால் துண்டாகலைன்னா, காயத்துல துணி திணிச்சு அழுத்திக் கட்டிட்டு டூர்னிக்கெட்ட மெதுவா தளர்த்திப் பாக்கணும். 2 மணி நேரத்துக்குள்ள.
3. திரும்ப ரத்தம் வந்தா உடனே இறுக்கிடணும். பட்டை அதே இடத்துல தயாரா இருக்கணும், கழட்டி எறியக்கூடாது.
4. 6 மணி நேரம் தாண்டிட்டா ஆஸ்பத்திரிக்கு வெளிய தொடக்கூடாது.

பழைய புத்தகத்துல கால்மணிக்கு ஒரு தடவ தளர்த்தி காலுக்கு கொஞ்சம் ரத்தம் விடுங்கன்னு இருக்கும். அது வேற, இது வேற. அங்க காயத்த அடைக்காமலேயே தளர்த்துறாங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரத்தம் போய் கடைசியில ஆளே போயிடுவார்.

நெத்தியில மணி எழுதுற அந்த மார்க்கர் ஏன் அவ்ளோ முக்கியம்னு இப்போ தெரியும். மணி எழுதாத டூர்னிக்கெட் வந்தா 2 மணி நேரமா 8 மணி நேரமான்னு தெரியாது, அவுக்கவும் முடியாது விடவும் முடியாது.

இதனால முன்னணி சிப்பாய்க்கு சொல்லிக் குடுக்குற பாடமே நீண்டுடுச்சு. ரத்தத்த நிறுத்துனா போதாது, ஒரு ஆள ராத்திரி முழுக்க பங்கருக்குள்ள வெச்சுப் பாத்துக்கத் தெரியணும், படுக்கைப்புண் வராம திருப்பிப் படுக்க வைக்கணும், ஆன்டிபயாடிக், வலி மருந்து நேரம் தவறாம குடுக்கணும், மூத்திரம் எவ்ளோ போகுது என்ன கலர்னு பாக்கணும், கோலா கலர்ல போனா செத்த தசை கிட்னிய அடைக்குதுன்னு அர்த்தம். தூக்கிட்டு வர ஆளுக்கு பதிலா சக்கரம் வெச்ச ரோபோ வண்டிகள அனுப்புறாங்க, அடிபட்டவர தட்டையா படுக்க வெச்சு ரிமோட்ல ஓட்டி வர்றது. வழியில வண்டி நின்னு போனா கூட யாரும் கிடையாது, அதனால ஏத்துறதுக்கு முன்னாடியே கட்டு, துணி, போர்வை எல்லாம் ஒரு தடவ சரிபாத்து, டூர்னிக்கெட் இன்னும் இருந்தா போட்ட மணிய பெருசா எழுதித்தான் ஏத்தணும்.